நாற்பத்தொரு நாள் காற்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் எதுவும் அண்டாமல் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பொறுத்தவரை போகப் போகச் சொல்கிறேன். அப்பாவின் முழங்கால் படியேறும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது, டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்றால், மின் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் ஓடின இயந்திரம் அப்படித்தான் சத்தம் போடும் என்கிறார். சமையலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது கூடத்தில் ஒழுகுகிறது. பின்வீட்டுப் பல் டாக்டர் மாடி முழுக்க சோலார் தகடு போட்டிருக்கிறார், காலை ஒன்பது மணிக்கு அதன் வெளிச்சம் நேராக நம் அடுப்புக்கு வந்துவிடுகிறது, நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சமைக்கிறேன், போன வாரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, சூரிய சக்தியால வர்ற நஷ்டத்துல இதையும் சேத்துக்கோ என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நீயும் சொல்லும்மா சொல்லும்மா என்று அவசரப்படுத்துகிறாய், இந்த விஷயத்தைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது. அது போக, இதோடு ஒரு காகிதத்தை உனக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. தபால் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகுமாம். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி இங்கே நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. அதற்குள் கிடைத்துவிடும் என்று தபால் அலுவலகத்துப் பெண் சொன்னாள், அவள் சொன்னதை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஊர் நிலவரம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பழைய அனல் மின் நிலையத்தை ஒரு பெரிய தொகை போட்டுப் புதுப்பிப்பதா, அதை மூடிவிட்டு நம் மலைமேல் காற்றாலையும் கீழே பொட்டலில் சோலாரும் போடுவதா, இதுதான் கேள்வி. அதற்காக நாலு வெள்ளிக்கிழமை டவுன் ஹாலில் பொதுக்கூட்டம் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். போன வருஷம் வரை பல்பு எரிந்தால் போதும் என்றிருந்த ஜனங்கள் இன்று யூனிட்டுக்கு எவ்வளவு அடக்கம், எத்தனை வருஷத்தில் போட்டது திரும்பும் என்று வாய் ஓயாமல் பேசுகிறார்கள். முடி திருத்துகிறவர் அப்பாவுக்குப் பாதித் தலையை வெட்டிவிட்டு, பேட்டரி விலை இறங்குமா இறங்காதா அதைச் சொல்லுங்க முதல்ல என்று கத்தரியை நிறுத்திவிட்டாராம். அப்பா இறங்காது என்று சொல்லிவிட்டார், அதனாலோ என்னவோ இடது பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வந்திருக்கிறார்.

நம் வீடும் இரண்டாகக் கிடக்கிறது. அப்பா கொதிகலன் பிரிவில் காலம் தள்ளியவர், அவர் பேச்சு உனக்குத் தெரியும், காத்து நின்னா என்ன பண்ணுவ, சூரியன் மறைஞ்சா என்ன பண்ணுவ, அந்த நேரத்துக்கு ஒரு மின் நிலையத்தைச் சும்மா சூடா வெச்சிருக்கணுமே அந்தச் செலவை யார் தலையில கட்டுவ. உன் மாமா இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறவன், அவன் பங்குக்கு, நிலக்கரிக்கு மாசாமாசம் பில் வருது, காத்துக்கு எவன் பில் அனுப்புறான் சொல்லுங்க மச்சான் என்று ஆரம்பிப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்காருவதற்குள் ஒருவர் எழுந்து போயிருப்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. நடுவில் சாப்பாட்டு மேஜைமேல், நம் மலைக் காற்றைக் கணக்கிட்டு நகர மன்றத்துக்கு நீ எழுதிய அறிக்கை கிடக்கிறது, மாமா சிவப்புப் பென்சிலாலும் அப்பா நீலப் பென்சிலாலும் கோடு போட்டு அது குழந்தை கிறுக்கின புத்தகமாகிவிட்டது. முதல் பக்கத்தில், பத்தொன்பது வருஷம் தினமும் மலையேறிக் காற்றை எழுதியவருக்கு நன்றி என்று நீ போட்டிருக்கிறாய் இல்லையா, அந்த வரியில் மட்டும் இருவரும் கோடு போடவில்லை.

இப்போது அந்த அறிக்கையில் இருக்கும் வரைபடத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பத்தொன்பது கட்டம், அதில் ஆறாவது மட்டும் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறதே, அதுதான் இன்று ஊர் முழுக்கப் பேச்சு. மாமாவின் ஆட்கள் அதைப் பெரிதாக அச்சடித்துக் கடைவாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒருதரம் அடிச்ச காத்து மறுபடி அடிக்காதா, மலைகிட்ட சரக்கு இருக்கு என்று. அப்பாவின் ஆட்கள் அதே படத்தை எடுத்துக்கொண்டு, ஆறாவது வருஷத்துக்கு அப்புறம் ஒரு வருஷமாவது அந்த உயரத்தைத் தொட்டிருக்கா பாருங்க, காத்து வத்திக்கிட்டே வருது, போட்ட பணம் திரும்பறதுக்குள்ள காத்தே இருக்காது என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் அந்த ஒரு கட்டம்தான் பிடிமானம். அந்தக் கட்டம் பொய் மகளே. நான் எழுதிய பொய்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். மலைமேல் இருந்த கருவியில் மூன்று கிண்ணம் சுழலும், அடியில் வண்டியில் கிலோமீட்டர் காட்டுவது மாதிரி ஓர் எண் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு ஏறி எண்ணைப் பார்த்து எழுதி, நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் காற்று போயிற்று என்று வந்துவிடும். அதை உடனே வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் எண் வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும், அப்படித்தான் விதி. உனக்கு எட்டு வயதில் நிமோனியா வந்ததே, அது என் ஆறாவது வருஷம். உள்ளூர் டாக்டர் கைவிரித்து, நாலு மணி நேரப் பயணத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்பாவுக்கு அப்போது கொதிகலன் பழுதுபார்க்கும் காலம், விடுப்பே கிடையாது. நானும் நீயும் மட்டும் அந்த மூன்றாவது மாடி வார்டில் நாற்பத்தொரு நாள் இருந்தோம்.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், அதற்கு நேர் எதிரே ஆஸ்பத்திரிச் சலவைக்காரர்கள் மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போடுவார்கள். முதல் இரண்டு நாள் அலுவலகத்துக்கு நான் எண் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அந்த விரிப்புகளைப் பார்த்தேன். ஓரம் மட்டும் தூக்கினால் முந்நூறு கிலோமீட்டர், பாதி தூக்கினால் ஐந்நூறு, கொடியோடு சேர்ந்து நேராகப் பறந்தால் எழுநூறு, கிளிப் தெறித்தால் தொள்ளாயிரம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வராந்தாவில் இருந்த போனில் சொல்லிவிட்டேன், விட்டுப்போன இரண்டு நாளுக்கும் சேர்த்தே சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் தினமும் அதே வேலையாகிவிட்டது. அந்த மாடி இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிறது, அங்கே எந்நேரமும் காற்று நெருக்கிக்கொண்டு வரும், விரிப்பு பறக்காத நாளே இல்லை, இதெல்லாம் ஆறு வருஷம் காற்றெழுதிய எனக்குத் தெரியாதா. தெரியும். அன்றைக்கு எனக்கு அந்த அறிவு வேலை செய்யவில்லை. நர்ஸ் என்னை மணிக்கு ஒரு தடவை உன் மூச்சை எண்ணிக் கட்டிலில் தொங்கிய தாளில் எழுதச் சொல்லியிருந்தாள், நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு என்று போய்க்கொண்டிருந்தது, என் கவனமெல்லாம் அதில்தான் இருந்தது.

உன்னைக் கூட்டிக்கொண்டு வீடு வந்த மறுகணமே மலையேறினேன். எண் பெட்டியில் 80,912 என்று இருந்தது. நான் போனில் சொல்லிச் சொல்லி ஏற்றி வைத்திருந்த எண் 89,940. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் காற்றை நான் சும்மா அடித்துவிட்டிருக்கிறேன், காற்றைப் பின்னால் ஓட்ட முடியாது, மறுநாள் எண் நேற்றையதைவிடக் குறைவு என்று போனில் சொல்லவும் முடியாது. கருவியின் சாவி என்னிடம்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, கருவி பழுது பார்க்கப்பட்டது, புதிதாகத் தொடக்கம் என்று நோட்டில் எழுதினேன். அலுவலகத்தில் என் பொறுப்பைப் பாராட்டி ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன், கிழித்துப்போடக்கூட வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ ஓர் அலுவலக அலமாரியில் தூங்கப்போகிற எண்கள் என்றுதான் அன்று நினைத்தேன். அதை எடுத்து என் மகளே ஒருநாள் கூட்டிப் பெருக்குவாள் என்று கண்டேனா. வேகம் ரெண்டு மடங்கானா மின்சாரம் எட்டு மடங்காகும்மா என்று நீ ஒரு தடவை சொன்னாயே, அன்றுதான் என் பொய்யும் அப்படிப் பெருகியிருக்கும் என்று எனக்கு உறைத்தது. இரண்டு வருஷம் முன்னால் அறிக்கை எழுதும்போது நீ போன் செய்து, அம்மா அந்த ஆறாவது வருஷம் மட்டும் ஏம்மா இவ்வளவு என்று நேராகவே கேட்டாய். அந்த வருஷம் காத்து அப்படிம்மா என்று சொன்னேன். நீ சரி என்று எழுதிக்கொண்டாய், தரவு சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டுவிட்டாய். மற்ற பொய்க்கெல்லாம் உன் காய்ச்சலைக் காரணம் சொல்லலாம். அன்று போனில் சொன்னதற்கு என்ன காரணம் சொல்வேன், நீ நல்லபடியாகத்தானே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. முதலில் மாமாவிடம் போனேன். கடையில் பேட்டரிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா, ஓட்டு முடியட்டும், அப்புறம் நீ மைக் போட்டுச் சொல்லு, நானே வாடகைக்கு எடுத்துத் தர்றேன் என்றான். அப்புறம் நகர மன்றத்து மின்சாரப் பிரிவுக்குப் போனேன். அங்கே சின்னப் பெண் ஒருத்தி, நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, நீங்க தரவு குடுத்தவங்க மட்டும்தாம்மா, அறிக்கையில கையெழுத்துப் போட்டவங்க எழுதிக் குடுத்தாத்தான் திருத்தம் எடுத்துக்க முடியும் என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி உன் பெயரைக் காட்டி, இவங்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை டவுன் ஹாலில் பேசப் பெயர் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், அன்று வேறு வழி தெரியவில்லை. மேடைக்குக் கீழே ஒரு விளக்குக் கம்பம், பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் மைக் தானாக அணைந்துவிடும். மலைமேல பத்தொன்பது வருஷம் காத்து எழுதினவ நான் என்று ஆரம்பித்தேன். பின்னால் யாரோ, நம்ம காத்து ரைட்டரம்மா என்றார், உடனே ஒரு பக்கம் கைதட்டியது. இவர்கள் தட்டினால் அவர்கள் விடுவார்களா, மறுபக்கமும் தட்டியது. அப்புறம் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டார்கள். அப்பாவும் மாமாவும் அந்த ஹாலில் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது, மஞ்சள் எரிந்துவிட்டது. அந்த ஆறாவது வருஷம் என்று அவசரமாக வாயைத் திறந்தேன், அந்த வருஷத்தின் பேரைக் கேட்டதும் இரண்டு கட்சியும் இன்னொரு தடவை கைதட்டியது. சிவப்பு வந்துவிட்டது. மைக் அணைந்த பிறகும் நான் பேசினேன், முதல் வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார், அவருக்குக் காது கேட்காது என்று வெளியே வந்தபோது அவர் மருமகள் சொன்னாள்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தார், சீவுவதை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்த பிறகு, நாப்பத்தொரு நாளும் நீ எங்க படுத்த என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழே என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. பென்சிலைச் சீவி முடித்துவிட்டு, அப்ப காத்து வத்தலையா என்றார். வற்றவில்லை, எப்போதும் போல் சுமாராக, ஒரே சீராகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். எழுந்து போய்விட்டார். இன்று காலை மேஜையைத் துடைக்கும்போது பார்த்தேன், கடைசி வெள்ளிக்கிழமை அவர் பேச வேண்டிய தாளில் அந்த வரைபடம் அப்படியே இருந்தது, சுற்றிப் போட்ட நீலக் கோடும் இருந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. அந்த நிலையத்தில் இன்னும் இருநூறு பேர் வேலை பார்க்கிறார்கள், காலையில் நம் வாசல் வழியாகத்தான் போகிறார்கள், உங்களைத்தான் சார் நம்பியிருக்கோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாமாவை நம்பிக் கடன் வாங்கித் தகடு போட்டவர்களும் இருக்கிறார்கள். நான் யார் பக்கம் போய் நின்று இதைச் சொன்னாலும் இன்னொரு பக்கம் இடிகிறது, சொல்லாவிட்டால் இரண்டு பக்கமும் என் பொய்யின்மேல் நிற்கிறது.

அந்த நாற்பத்தொரு நாளைச் சரியான எண்ணில் போட்டால் காற்றாலை கட்டுப்படியாகுமா ஆகாதா என்று கண்டுபிடிக்க முயன்றேன். பேப்பர் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன், எனக்குக் கழிக்கத்தான் தெரியும், அதற்கு மேல் ஓடவில்லை. கட்டுப்படியாகும் என்று வந்தாலும் வரலாம், ஆகாது என்று வந்தாலும் வரலாம், அது உனக்குத்தான் தெரியும். ஆனால் நீ திருத்தம் எழுதிக் கொடுத்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா எழுதினதை மக சரிபார்த்தாளா என்று கேட்பார்கள். உன் மேலதிகாரி கேட்பார், இரண்டு கட்சியும் கேட்கும், நீ ராப்பகலாக உழைத்த மற்றப் பதினெட்டு வருஷத்தையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். திருத்தாவிட்டால் ஊர் ஒரு தப்பான எண்ணை வைத்து முப்பது வருஷத்துக்கு ஒரு முடிவு எடுக்கும். இதில் எதைச் செய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெற்றவள் பிள்ளைக்கு வழி சொல்ல வேண்டும், நான் உன் மடியில் கொண்டுவந்து கொட்டுகிறேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

இதோடு வைத்திருக்கும் காகிதம் அந்த வார்டில் உன் கட்டிலில் தொங்கிய தாள். வீட்டுக்கு வரும்போது நர்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னாள், மலையேறின அன்று என் பையில் அதுதான் இருந்தது, அதன் பின்பக்கத்தில்தான் பெட்டியில் பார்த்த 80,912ஐத் தேதி போட்டு எழுதினேன். நிஜ எண் இந்த உலகத்தில் அங்கே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் முன்பக்கத்தில் உன் பெயரும் வயதும் இருப்பதையும் காட்டியதாகிவிடும், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. நகல் எடுக்கவில்லை. நீ வைத்துக்கொண்டாலும் சரி, கிழித்தாலும் சரி, அனுப்பினாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், போனிலும் கேட்க மாட்டேன், அப்பா பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், உன் பேருக்கு ஒரு குறையும் வராமல் நீ நிறைவாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஈரத் தலையோடு வெளியே போகாதே, நெஞ்சை மூடிக்கொண்டு போ, கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமாவது போ. உறையைப் பிரிக்கும்போது அவசரப்படாதே, பழைய தாள், மடிப்பில் நைந்திருக்கிறது. பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கத்தையும் ஒரு தடவை பார். ஐம்பத்தெட்டில் ஆரம்பித்து இருபத்திரண்டில் முடிகிறது, எல்லாம் என் கையெழுத்து, மணிக்கு ஒரு தடவை உன் மார்பில் கைவைத்து எண்ணி எழுதியது. அதில் ஓர் எண்கூட நான் ஊகித்துப் போடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா